சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய டிவியைப் பின்தொடர்வது: மின்கழிவு ஆய்வுக்கு முழுமையான வழிகாட்டி

மின்கழிவைப் பற்றி இடுபணி எழுத வரும் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவ) மாணவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். கணினியைத் திறந்து, உலகத்தில் மொத்தம் எவ்வளவு மின்கழிவு என்று தேடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து கையில் இருபது பக்கம் சேர்ந்திருக்கும். பேராக் மாநிலத்து ஊரான சுங்கை சிப்புட்டின் பெயர் மட்டும் அட்டையைத் தாண்டி உள்ளே வந்திருக்காது.

இங்கே சொல்லப்போகும் வழி வேறு. ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது யார் யார் கைக்கு மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் எந்தச் சட்டம் அதைப் பிடிக்கிறது, எங்கே நழுவ விடுகிறது என்று பாருங்கள். முதலில் காகிதம், பிறகு தெரு, கடைசியில் அலுவலகம். இந்த வரிசையை மாற்றிப் போய்த் திண்டாடியவர்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மொத்தம் ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கடிதம். பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ மலாயில் ஒரு பக்கம் போதும்: உங்கள் பெயர், ஆய்வுத் தலைப்பு, காலம், பொறுப்பாசிரியர் பெயர், முத்திரை. அலுவலகத்துக்குக் கடைசியில்தான் போகப்போகிறோம். ஆனாலும் கடிதத்தை முதல் வாரமே கேட்டுவிடுங்கள், முதல்வர் கையெழுத்துக்கே பத்து நாள் ஓடிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம், டுரியான் விற்பவர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு தொங்கு தராசு, கூட வர ஓர் ஆள். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் எழுதலாம், பாதுகாப்பும்கூட.

காலத்தையும் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் இந்த ஆய்வுக்குப் பொன்னான நேரம். எல்லா வீட்டிலும் சுத்தம் செய்து, மேசைக்கடியில் வருடக்கணக்காகக் கிடந்ததை வாசலுக்குக் கொண்டுவருவார்கள். தீபாவளி முடிந்த மறுவாரம் போனால் வாசலும் காலி, பேசுகிற ஆட்களுக்கும் அலுப்பு.

2. கேள்வியைச் சுருக்குங்கள்

"மலேசியாவில் மின்கழிவு மேலாண்மை" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. "சுங்கை சிப்புட் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டிலிருந்தும் தோட்டத்து லயத்திலிருந்தும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வெளியேறும் பழைய படக்குழாய் டிவி எங்கே போய்ச் சேருகிறது?" என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கண்டுபிடிக்க முடியும். முடியாமல் போனாலும் எந்த இடத்தில் தடம் அறுந்தது என்று காட்ட முடியும். அதுவே நல்ல முடிவு.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது காசுள்ள பாகமும் காசில்லாத பாகமும் சேர்ந்திருக்கும் ஒன்றாகப் பாருங்கள். படக்குழாய் டிவியில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது, அதற்கு விலை உண்டு. ஈயம் கலந்த கண்ணாடியும் இருக்கிறது, அதை யாரும் வாங்கமாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியும் அப்படித்தான். கம்ப்ரசருக்கு விலை உண்டு, உள்ளே இருக்கும் வாயுவுக்கும் நுரைக்கும் கிடையாது. கைப்பேசி இந்த ஆய்வுக்கு அவ்வளவு பொருந்தாது. அது வெளியேறுவதே இல்லை, அலமாரி இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

3. குறியீட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்

மலேசியாவில் மின்கழிவுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர (அட்டவணைக் கழிவு) விதிகள் அந்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் நடப்புக்கு வந்தன. அட்டவணைக் கழிவு என்றால் அந்த விதிகளின் பட்டியலில் உள்ள ஆபத்தான கழிவு, மலாயில் புவாஙான் தெர்ஜாடுவல் என்பது இதுதான். அதன் முதல் அட்டவணையில் மின்கழிவின் குறியீடு எஸ்டபிள்யூ 110.

குறியீட்டின் விளக்கத்தை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். "மின்சாரப் பொருள் எல்லாம்" என்று அது சொல்லவில்லை. பாதரச சுவிட்ச், படக்குழாய்க் கண்ணாடி, பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைபினைல் என்ற நச்சு வேதிப்பொருள்) மின்தேக்கி போன்றவை உள்ள பாகங்கள், அல்லது ஈயம், காட்மியம், பாதரசம், நிக்கல், லித்தியம் போன்றவற்றால் மாசுபட்டவை என்றுதான் சொல்கிறது. அதாவது பொருளின் பெயரை விட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

எல்லோரும் இடறும் இடம் இது. வயர் உள்ள எதையும் 110 என்று எழுதிவிடுகிறார்கள். கார் பேட்டரி 102. நிக்கல்-காட்மியம், லித்தியம் பேட்டரிகள் 103. பாதரசம் உள்ள குழல் விளக்கு 109. வீட்டுக் கணக்கெடுப்பில் இவற்றை ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது. முதல் நாளே நான்கு கட்டம் போடுங்கள்.

குழப்பம் வந்தால், பழைய மின்பொருள்களை வகைப்படுத்துவதற்குச் சுற்றுச்சூழல் இலாகா வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. அதன் 2010ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். இன்னும் பயன்படும் பழைய பொருளுக்கும் கழிவுக்கும் கோடு எங்கே என்பதை அது சொல்லும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் பழைய ரேடியோ கழிவா, பொருளா என்ற சண்டை அங்கேதான் தீரும்.

4. எந்தச் சட்டம் யாரைப் பிடிக்கிறது

இதற்கு ஒரு மாலை போதும். அதற்கு மேல் உட்காராதீர்கள், சட்டப் புத்தகத்துக்குள் விழுந்தால் தெருவுக்கு வரவே மாட்டீர்கள்.

மேலே இருப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், சட்டம் 127. அட்டவணைக் கழிவு விதிகள் இதன் கீழ் வருகின்றன. கழிவை உண்டாக்குபவர் 30 நாளுக்குள் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாள் வரை சேமித்து வைக்கலாம், 20 டன்னுக்கு மேல் போகக் கூடாது. பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், அனுப்பும் ஒவ்வொரு முறையும் இஸ்விஸ் என்ற மின்பதிவு முறையில் ஏற வேண்டும்.

இந்தக் கடமைகளை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தொழிற்சாலை ஒன்று கண் முன்னே வரும். லயத்து வீட்டு அம்மா வரமாட்டார். எழுதியவர்கள் மனதில் இருந்தது தொழிற்சாலைதான். இதைக் கவனித்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி.

அடுத்தது குப்பைச் சட்டம். இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம், சட்டம் 672, நாடு முழுதும் செல்லாது. ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் மாநிலங்களும் கோலாலம்பூர், புத்ராஜெயாவும் அதை ஏற்றன. பேராக் ஏற்கவில்லை. ஏற்ற இடங்களில் குப்பையைப் பார்ப்பது எஸ்டபிள்யூ கார்ப் என்ற கூட்டரசு நிறுவனம். ஆனால் எனக்கு வரும் இடுபணிகளில் பாதி "எஸ்டபிள்யூ கார்ப் சுங்கை சிப்புட்டில் குப்பையை எடுக்கிறது" என்று எழுதுகின்றன. தவறு. இங்கே குப்பை கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் கீழ். 2015 செப்டம்பரில் கட்டாயமான குப்பைப் பிரிப்பும் சட்டம் 672 உள்ள மாநிலங்களுக்குத்தான்.

பழைய இரும்புக் கடைக்கு இன்னொரு சட்டம்: 1946ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகர் சட்டம். அந்த உரிமத்தைக் கொடுப்பது போலீஸ். திருட்டுப் பொருள் கை மாறாமல் பார்ப்பதற்காக வந்த சட்டம் அது, ஈயத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

எல்லைக்கு வெளியே பாசல் ஒப்பந்தம், நாடு விட்டு நாடு போகும் ஆபத்தான கழிவைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம். மலேசியா 1993இல் சேர்ந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஆபத்தான மின்கழிவோ இல்லையோ, எதுவானாலும் முன்னனுமதி இல்லாமல் நாடு தாண்டக் கூடாது. உங்கள் டிவி கதைக்கு இது தேவைப்படாமல் போகலாம். ஒரு பத்திக்கு மேல் கொடுக்காதீர்கள். துறைமுகக் கொள்கலன் செய்திகள் சுவையாக இருக்கும், எழுதத் தொடங்கினால் ஊர் மறந்துபோகும்.

அபராதத் தொகையை எழுதும்போது ஆண்டைப் பாருங்கள். பழைய கட்டுரைகளில் 5 லட்சம் ரிங்கிட் என்று இருக்கும். 2024 திருத்தத்தில் சட்டம் 127இன் அபராத உச்சவரம்பு 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்ந்துவிட்டது.

5. தெருவுக்கு இறங்குங்கள்

முதலில் வீடுகள். தாமானில் 15, தோட்டத்தில் 15 போதும். நான்கே கேள்வி: ஓடாத மின்பொருள் என்ன இருக்கிறது, எத்தனை வருடமாக, கடைசியாக எதை வெளியே அனுப்பினீர்கள், யாரிடம். "மறுசுழற்சி பற்றி உங்கள் விழிப்புணர்வு என்ன?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "ரொம்ப முக்கியம்" என்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "அந்த டிவி எங்கே அக்கா?" என்று கேட்டால் கொல்லைப்புறம் அழைத்துப் போய்க் காட்டுவார்கள்.

அடுத்து தெருவில் வரும் "பேப்பர் லாமா" லாரி, பழைய சாமான் வாங்குபவர். அவர் எதை வாங்குகிறார், எதை வேண்டாம் என்கிறார், இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று விட்டுப்போவதுதான் உங்கள் ஆய்வின் நடுநாயகம்.

பிறகு பழைய இரும்புக் கடை. பெசி புரோக் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். ஒரு மாணவி கடைக்குள் நுழைந்த கையோடு, "அங்கிள், உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டாள். அவர் சிரித்தபடியே, "இன்னிக்கு வேலை அதிகம் மா, அப்புறம் வாங்க," என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. அடுத்த வருடம் வந்த பையன் ஓடாத மிக்சியைத் தூக்கிக்கொண்டு போய், "இதுக்கு என்ன கிடைக்கும் தவுக்கே?" என்று மலாயில் கேட்டான். ஒரு மணி நேரம் பாடமே நடந்தது. எந்த உலோகம் என்ன விலை, மோட்டாரை ஏன் தனியாகப் போட வேண்டும், மின்சுற்றுப் பலகையை யார் வந்து எடுக்கிறார்கள், எல்லாம் தெரிந்துகொண்டு வந்தான். மாணவன் என்பதையும் எதற்காகக் கேட்கிறான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேசினான். மறைத்துக் கேட்பது சரியில்லை, சின்ன ஊரில் அது ஒரு நாளில் தெரிந்தும் போகும்.

முகம், வண்டி எண், கடைப் பலகை எதையும் படம் எடுக்காதீர்கள். பொருளை மட்டும் எடுங்கள், அதுவும் கேட்டுவிட்டு.

கையை வைக்கக் கூடாதவை சில. படக்குழாய் டிவியின் முதுகைத் திறக்காதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் அழுத்தம் நிற்கும், குழாய் உடைந்தால் கண்ணாடி சிதறும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே மாதிரிதான். உப்பிய கைப்பேசி பேட்டரியை அழுத்திப் பார்க்காதீர்கள். செம்புக்காக வயர் எரித்த இடத்தைக் கண்டால் தள்ளி நின்று இடத்தையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள், சாம்பலை மாதிரிக்கு என்று அள்ளாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது சட்டம் 127இன் 29ஏ பிரிவில் தடை.

6. தோட்டத்துக்கு ஒரு தனி நாள்

வெளியூர் ஆய்வாளர்கள் கோட்டைவிடும் இடம் இது. ஊரைச் சுற்றிச் செம்பனை இருந்தும், அதைப் பின்னணிப் படமாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

தோட்டம் தனியார் நிலம். லயத்துக் குப்பை யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். நான் போன தோட்டத்தில் நிர்வாகமே குழி வெட்டியிருந்தது, நகராண்மைக் கழக லாரி உள்ளே வருவதில்லை. குழியின் ஓரத்தில் ஒரு படக்குழாய் டிவி கவிழ்ந்து கிடந்தது. முதுகு திறந்திருந்தது, கழுத்தைச் சுற்றிய செம்புச் சுருளைக் காணவில்லை. கண்ணாடியும் பிளாஸ்டிக் கூடும் மட்டும் மிச்சம்.

அதே தோட்டத்தில் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு பூட்டிய கொட்டகை. உள்ளே பழைய எஞ்சின் எண்ணெய், பூச்சி மருந்துக் கலன், டிராக்டர் பேட்டரி. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது: 305, 409, 102, கூடவே தேதி. மலேசிய நிலையான செம்பனை எண்ணெய்ச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 முதல் கட்டாயமாகிவிட்டது. தணிக்கைக்கு ஆள் வருவார்கள் என்பதால் ஸ்டோர் கிராணிக்கு (எழுத்தருக்கு) 180 நாள் கணக்கு விரல் நுனியில் இருக்கிறது.

பட்டறைப் பேட்டரிக்குக் குறியீடும் நாளும் பூட்டும் உண்டு. கூப்பிடு தூரத்தில் இருக்கும் லயத்து டிவிக்குக் குழிதான். அட்டவணைக் கழிவு என்றால் என்னவென்று அந்தத் தோட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. அந்த அறிவு வேலையிடத்தோடு நிற்கிறது, வீட்டு வாசலுக்கு வரவில்லை. எத்தனை இடுபணியைப் படித்தாலும் இந்த வரி கிடைக்காது, போய்ப் பார்த்தால்தான் கிடைக்கும்.

போவதற்கு முன் நிர்வாகியிடம் கடிதத்தைக் காட்டி அனுமதி வாங்குங்கள். மண்டோருக்கு (வேலை மேற்பார்வையாளருக்கு) தெரிந்தவர், மாமா, சித்தப்பா என்று உள்ளே போய்விட்டு, பிறகு எழுதும்போது "அனுமதி பெற்று" என்று போடக் கூடாது.

7. பள்ளியின் ஸ்டோர் அறை

சின்ன வேலை, ஆனால் விடாதீர்கள். அரசுப் பள்ளிக் கணினி அரசாங்கச் சொத்து. கெட்டுப்போனாலும் தூக்கிப் போட முடியாது. பெலுபுசான் என்ற கழித்துக்கட்டும் நடைமுறை இருக்கிறது, அது முடியும் வரை அடுக்கி வைக்க வேண்டும். எத்தனை பெட்டி, எந்த ஆண்டு முதல் என்று எண்ணுங்கள். வீட்டில் தடம் காணாமல் போகிறது, பள்ளியில் தடம் இருக்கிறது, நகரத்தான் மாட்டேன் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசிப்பவருக்குப் புரியும்.

8. இப்போது அலுவலகம்

ஏன் கடைசியில்? வெறுங்கையோடு போனால் துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்புவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். "தோட்டத்துக் குழியில் படக்குழாய் கிடக்கிறது, தோட்டத்தின் பெயர் சொல்லமாட்டேன், இது யார் பொறுப்பில் வரும்?" என்று கேட்டால் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

இரண்டு இடம். குப்பை, பருமனான பழைய பொருள், வணிக உரிமம் பற்றி நகராண்மைக் கழகம். குறியீடு, உரிமம் பற்றி ஈப்போவில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் இலாகா. ஒரு முறைக்கு மூன்று கேள்விதான், மலாயில், முன்கூட்டியே எழுத்தில் அனுப்பிவிட்டுப் போங்கள். பதிலை அன்று இரவே எழுதி, "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று திருப்பி அனுப்புங்கள். அந்தத் திருத்தத்தில்தான் உண்மையான பதில் இருக்கும்.

9. உரிமப் பட்டியலைப் படிப்பது எப்படி

வீட்டு மின்கழிவுக்கு இலாகா ஆறு பொருளை முன்னிறுத்துகிறது: டிவி, கணினி, கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டி, துணி துவைக்கும் இயந்திரம். சேகரிப்பவர்கள், மீட்பு ஆலைகள் பட்டியலும் இருக்கிறது. படிக்கும்போது நான்கைப் பாருங்கள்: எந்தக் குறியீட்டுக்கு உரிமம், எந்த முகவரிக்கு, எந்தத் தேதி வரை, முழு மீட்பா பகுதி மீட்பா. பகுதி மீட்பு என்றால் பிரித்து வகைப்படுத்துவதோடு சரி. முழு மீட்பு ஆலைதான் பலகையிலிருந்து உலோகத்தை எடுக்கும்.

"லைசென்ஸ் இருக்கிறது" என்று கேட்டதும் எழுதிவிடாதீர்கள். நகராண்மைக் கழக வணிக உரிமம், போலீஸ் கொடுத்த பழம்பொருள் உரிமம், சுவரில் மாட்டிய ஐஎஸ்ஓ சான்றிதழ், இவை எதுவும் எஸ்டபிள்யூ 110ஐ வைத்திருக்கத் தரும் அனுமதி ஆகாது.

10. எண்களோடு கவனம்

2022இல் உலகம் உண்டாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. ஐநா அறிக்கையின் எண்கள் இவை, முன்னுரையில் ஒரு வரி போடலாம்.

தலைக்கு 7.8 கிலோ என்ற உலகச் சராசரியை எடுத்து சுங்கை சிப்புட் மக்கள்தொகையோடு பெருக்காதீர்கள். வருடா வருடம் ஒருவராவது இதைச் செய்து, பெரிய எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறார். பணக்கார நாடும் ஏழை நாடும் கலந்த சராசரி அது, லயத்து வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உங்கள் 30 வீட்டில் தராசில் நிறுத்தது 140 கிலோ என்றால் 140 என்றே எழுதுங்கள். தூக்க முடியாததை எண்ணிக்கையில் எழுதுங்கள்.

தொழிற்சாலை மின்கழிவையும் வீட்டு மின்கழிவையும் கூட்டாதீர்கள். "உண்டானது", "சேகரித்தது", "மீட்டது" மூன்றும் வேறு வேறு.

11. எழுதும் முறை

ஒரு தாளில் நடுவே கோடு கிழியுங்கள். இடப்பக்கம் காகிதம் சொல்வது, வலப்பக்கம் நீங்கள் பார்த்தது. வீடு, லாரி, கடை, குழி, பள்ளி, ஆலை என்று கைக்கு ஒரு வரி. எந்த வரியில் இரண்டு பக்கமும் ஒட்டவில்லையோ அங்கேதான் ஓர் அத்தியாயம். ஒட்டும் வரிகளுக்கு ஒரு பத்தி போதும்.

வலப்பக்கம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். கடையிலிருந்து பலகையை எடுத்துப் போகும் வேன் எங்கே போகிறது என்பது மிக்சியோடு போன பையனுக்குக் கடைசி வரை தெரியவில்லை. "ஈப்போ பக்கம்" என்று மட்டும் கேள்விப்பட்டான். அதை அப்படியே எழுதினான், மதிப்பெண் குறையவில்லை.

12. உங்கள் டிவியை அனுப்பி முடியுங்கள்

ஆய்வுக்கு எடுத்த பொருளைக் கடைசியில் நீங்களே உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொண்டு போங்கள். கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள், எல்லா மையமும் எல்லாப் பொருளையும் எடுக்காது. கணினியோ கைப்பேசியோ என்றால் தரவை அழித்து, சிம்மைக் கழற்றிவிடுங்கள். படக்குழாய் டிவியைக் கண்ணாடி இருக்கையின் பக்கம் பார்த்தபடி வைத்து, பெல்ட்டால் கட்டுங்கள். பெட்ரோல், டோல், போன நேரம், வந்த நேரம் எல்லாவற்றையும் குறித்து, ரசீதோடு பின்னிணைப்பில் சேருங்கள். லாரிக்காரர் வாசலுக்கே வருகிறார், இந்த மையத்துக்கு நாம் போக வேண்டியிருக்கிறது. அதற்கு எத்தனை ரிங்கிட் ஆகிறது என்பதை அந்தத் தாளின் வலப்பக்கத்தில் கடைசி வரியாக எழுதுங்கள்.